கலெக்டரம்மா விழுங்கிய ராணி

என்ன கண்ணு அப்படிப் பாக்கறே? தனியா உக்காந்து சிரிச்சுக்கிட்டு வாராளே, பைத்தியமா இருக்குமோன்னா? பயந்துக்காதே. கோபியில ஏறுனதுல இருந்து அடக்கி அடக்கிப் பாக்கறேன், முடியல. முந்தானைய வாயில வெச்சு அமுக்குனாலும் பொத்துக்கிட்டு வருது. நீ அந்தியூரா? நான் அத்தாணி தாண்டி வேலாமரத்தூர்ப் பிரிவுல எறங்கோணும். அதுவரைக்கும் கேக்கறியா? சொல்லலீன்னா எனக்கு வயிறு வெடிச்சுப்போயிரும்.

சிரிக்கறேனே தவிர, நாயப்படி பாத்தா இது பெரிய அநியாயம் கண்ணு. ஒரு மனுசன் என்ற கோழிகள ஒட்டுக்கா வசியம் பண்ணிப்போட்டாரு. அந்த வழக்கச் சொல்றதுக்குத்தான் திருப்பூருக்கு என்ற பையன்கிட்டப் போயிட்டு வாரேன். போன எடத்துல என்ன ஆச்சுன்னா... இல்ல, வரிசையாச் சொல்றேன். நடுவுல புகுந்தா எனக்கு மறந்துபோயிரும்.

என்ற பேரு துளசிமணி. ஊட்டுக்காரரு போயிச் சேந்து நெம்ப வருசமாச்சு. ஒரே பையன், நவநீதன், பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். "இங்க வந்துரும்மா, வந்துரும்மா"ன்னு கூப்பிடுவான். வந்து? மூணாவது மாடியில கோழி வளக்க முடியுமா? எனக்குக் கோழின்னா உசுரு. நாட்டுக்கோழி. சத்தத்த வெச்சே இது முட்டை வெக்கற கூப்பாடு, இது பருந்தப் பாத்த கூப்பாடு, இது சும்மா சலம்பறதுன்னு சொல்லிப்போடுவேன்.

குஞ்சு பொரிச்சா அதுகளுக்குக் கரையான் போடோணும். நீ டவுனுப் புள்ளை, உனக்குத் தெரியாது. கரையான் தின்ன குஞ்சு நெகுநெகுன்னு வளரும். அதுக்கு ஓட்டைப் பானைக்குள்ள காஞ்ச சாணி, கிழிஞ்ச சாக்கு, மக்காச்சோளம் உதுத்த கட்டை எல்லாம் திணிச்சுத் தண்ணி தெளிச்சு, காட்டுல கவுத்து வெச்சரோணும். வெடியால எடுத்துப் பாத்தா உள்ளே பிலுபிலுன்னு ஏறி நிக்கும். அப்படியே குஞ்சுக முன்னால தட்டி உட்டா, ஒரு நிமிசம், ஒண்ணு மிஞ்சாது.

எனக்கு அடுத்த தோட்டம் பொங்கியண்ணனுது. நடுவுல ஒரே வரப்பு. ஆளு நல்ல ஒசரம். தொண்டை இருக்குதே, பக்கத்துல நிக்கறவங்ககிட்டப் பேசுனாலும் வாய்க்காலுக்கு அக்கட்ட நிக்கற ஆளுகிட்டப் பேசறாப்பலதான். கலியாணம் பண்ணிக்கல. அவங்கம்மா வாதத்துல படுத்துட்டாங்க. அவங்களத் தூக்கி உக்கார வெச்சு, சோறு ஊட்டி, துணி தொவைச்சு, அதுலயே வயசு ஓடிப்போச்சு. அம்மா போன பொறகு பொண்ணு கேட்டுப் போறதுக்கு மனுசனுக்கு வெக்கம். நல்ல ஆளுதான். அதாவது, எனக்கென்ன, நல்ல ஆளா இருந்துட்டுப் போறாரு.

போன வருசம் தையில அவரு கரும்பு வெச்சாரு. வெதைக்கரும்பக் கரணை கரணையா நறுக்கிப் பதிச்சாச்சு, மொளைப்பே காணோம். தோண்டிப் பாத்தா தொலி மட்டும் இருக்குது. உள்ளே பூராவும் மண்ணு. கரையான் சோத்தத் தின்னுட்டுத் தட்டுல மண்ண நெரப்பி வெச்சிருக்குது! மனுசனுக்கு வவுறு எரிஞ்சுபோச்சு. மருந்து வாங்கியாந்து சால் சாலா ஊத்திப்போட்டாரு.

ஊத்துனது அவரு தோட்டத்துல. கோழிக்கு வரப்பு தெரியுமா கண்ணு? மருந்து பட்டுக் கெறங்கி மேல வந்து கெடந்த கரையான, விருந்தாட்டப் போயிப் பொறுக்கித் தின்னுச்சுக. பொழுதோட ஒண்ணொண்ணா வந்து வாசல்ல சாஞ்சுதுக. மஞ்சத்தண்ணி குடுத்தேன், கரி கரைச்சு ஊத்துனேன். ம்ஹூம். நல்ல பெட்டைக கண்ணு. அடைக்கு உக்காந்தா எந்திரிக்காத பெட்டைக.

எனக்கு வந்துச்சு பாரு ஆங்காரம். செத்ததுகள எல்லாம் கூடையில அடுக்கித் தலையில வெச்சுக்கிட்டு அவரு வாசலுக்குப் போயிட்டேன். வரிசையாப் படுக்க வெச்சேன். "ஏனுங்ண்ணா, இதுகளுக்கு என்ன பதிலுங்ண்ணா?"ன்னு கேட்டேன்.

ஊரே வேடிக்கை பாக்குது. அந்தத் தொண்டைக்காரரு குனிஞ்சு ஒரு பெட்டையோட றெக்கைய மெதுவா மடக்கி வெச்சாரு. நானும் கொஞ்சம் எறங்கலாம்னு பாத்தேன். அதுக்குள்ள ஆரோ "அந்தம்மா பானையில கரையான் வளக்குது, அதுதான் உங்க கரும்பத் திங்குது"ன்னு எடுத்துக் குடுத்துட்டாங்க. மனுசன் நிமுந்தாரு.

"ஆமா அம்மிணி! வளத்தறதே நீங்கதான்! நீங்க பானையில வளத்து உடறீங்க, அது என்ற கரணையத் திங்குது!"

"நான் வளத்தறனா? உங்க தோட்டத்துல மண்டிக் கெடக்கறத இழுத்துக் கோழிக்குப் போடறேன். நான் இழுக்கலீன்னா உங்க கட்டிலு காலும் மிஞ்சாது!"

"இழுக்கறவீங்க பூராவும் இழுக்க வேண்டியதுதானே! நான் எதுக்கு மருந்து ஊத்தறேன்!"

"இழுக்கறேன்! மறுக்காக் கரும்ப நடுங்க! உங்க கரையானுக்கு நானும் என்ற கோழிகளும் பொறுப்பு! ஆனா என்னக் கேக்காம ஒரு சொட்டு மருந்து விழுகப்படாது!"

"கரும்பு போச்சுன்னா?"

"என்ற காட்ட ஒரு வருசம் நீங்க ஓட்டிக்குங்க! கரும்பு நின்னா நான் கேக்கறத நீங்க குடுக்கோணும்!"

சொன்ன பொறகுதான் நாக்கக் கடிச்சேன். எனக்கு அந்தக் காடு ஒண்ணுதான் கண்ணு. அதுல வெளையற சோளத்துலதான் நானும் கோழிகளும் உசுரு வெச்சிருக்கறோம். ஆனா ஊரு முன்னால சொன்னதச் சொன்னதுதானே. கூடையத் தூக்கிக்கிட்டு நிமுந்து நடந்தேன்.

அடுத்த நாள் வெடியால அவரு தோட்டத்துல போயி நின்னேன். பாத்தா, பச்சைச் சாணிய அப்படியே தோட்டம் பூராவும் எறைச்சு வெச்சிருக்கறாரு.

"ஏனுங்ண்ணா, கரையானுக்கு எலை போட்டுப் பந்தி வெச்சிருக்கறீங்களே! மக்குன எருவத்தான் போடோணும்."

"அது எனக்குத் தெரியும்"னாரு.

"தெரிஞ்சு ஏன் போட்டீங்க?"

"அள்ளிக் குமிக்க ஆளு வரல."

நானே அள்ளுனேன். அவரும் அள்ளுனாரு. போன பயிரோட கட்டை, சருகு எல்லாத்தையும் பொறுக்கி வெளியே போட்டோம். அப்பறம் கரணை பதிச்சு, சாலுல வேப்பம்புண்ணாக்குப் போட்டு, அன்னைக்கே தண்ணி கட்டுனோம். வாய்க்கால் மடையில எருக்கந்தழைய மூட்டை கட்டிப் போட்டேன், தண்ணி அதுல ஊறி ஊறிப் பாயட்டும்னு. பொறகு பானை. வரப்போரமாவும் சாலுக்கு நடுவுலயும் குழி தோண்டி, பானைய வாய் மேல பாத்தாப்பல பொதைச்சு, சோளக் கட்டையும் சாணியும் திணிச்சு, வாயில துணியக் கட்டி உட்டோம். கரணையவிடப் பானைக்குள்ள இருக்கறது அதுகளுக்கு ருசி. கரணைய உட்டுட்டு உள்ளே வந்துருது. ஊருல ஓட்டைப் பானை ஒண்ணு மிஞ்சல. பொங்கியண்ணன் ஊடு ஊடாப் போயி, "பானை இருக்குதுங்களா, பானை?"ன்னு கேக்கறது வாய்க்காலுக்கு அக்கட்ட இருக்கற ஊருக்கே கேட்டுச்சு.

மொதப் பானைய எடுத்த அன்னைக்கு நீ இருந்திருக்கோணும்! துணிய அவுத்தா உள்ளே வெள்ளை வெள்ளையா, அரிசி கொதிக்கறாப்பல. நான் கோழிகளக் கூப்பிட்டேன். வரப்பத் தாண்டிப் பறந்து வந்துதுக பாரு. பானைய வரப்புல தட்டுனதுதான். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, மிதிச்சு, கொத்தி, றெக்கை பறக்குது. நான் சிரிச்சுக்கிட்டே திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். எங்கேன்னு பாத்தா மோட்டார் ரூம் திட்டு மேல ஏறி நிக்கறாரு! அந்த ஒசரமான ஆளு! வேட்டியத் தொடைக்கு மேல மடிச்சுக்கிட்டு!

"என்னங்ண்ணா?"

"சின்ன வயசுல ஒரு சேவல் தொரத்துச்சு அம்மிணி."

"அதுக்கு?"

"அந்தச் சேவலாட்டவே ஒண்ணு பாக்குது."

வரப்புலயே உக்காந்து சிரிச்சேன் கண்ணு. ஊட்டுக்காரரு போன பொறகு அப்படி நான் சிரிச்சதே இல்ல. கோழியப் பாத்துத்தான் சிரிச்சேன்.

அப்படிப் பயந்த ஆளு, நாளாக நாளாக என்ன ஆனாருன்னு கேளு. மொதல்ல தூரத்துல நின்னு பானையத் தட்டுவாரு. அப்பறம் பக்கத்துல. அப்பறம் குந்தி உக்காந்து கையிலயே வெச்சு ஊட்ட ஆரம்பிச்சுட்டாரு. ஒவ்வொண்ணுக்கும் பேரு வேற வெச்சாரு. எல்லாத்தையும் வெரட்டிக்கிட்டு முன்னால வருமே ஒரு செவலைப் பெட்டை, அது கலெக்டரம்மா. தலைய ஆட்டி ஆட்டி நடக்கற சாம்பலுப் பெட்டை, டீச்சரு. எதுக்கும் கடைசியா வர்றது சப்-இன்ஸ்பெக்டரு. ஊதல் ஒண்ணு போடுவாரு, ரெண்டு வெரல வாயில வெச்சு. அத்தனையும் ஓடும்.

இங்கதான் கண்ணு அநியாயம் ஆரம்பிக்குது. என்ற கோழிக நான் கூப்பிட்டா வர்றதில்ல! "பா பா பா"ன்னு நான் தொண்டை வரளக் கூப்பிடறேன், தலையத் தூக்கிப் பாத்துட்டு மறுபடியும் கீழ கொத்துதுக. அவரு ஒரு ஊதல், அவ்வளவுதான், வரப்பு காலி. முட்டையும் அங்கயே, கரும்புக்குள்ள, சருகுல. தெனமும் வெடியால அவரு துண்டுல முட்டையக் கட்டிக்கிட்டு என்ற வாசலுக்கு வருவாரு. "அம்மிணி, இது டீச்சரோடது. இது கலெக்டரம்மாவோடது." எந்த முட்டை எதோடதுன்னு ஆரு கேட்டா? அத்தனையும் ஒட்டுக்காக் கொண்டாந்து வெச்சுட்டுப் போனா ஆகாதா? ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்து, அதோட கதையச் சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் வெச்ச காப்பி ஆறிப்போயிரும். மறுபடியும் சுட வெச்சுக் குடுக்கோணும். எத்தனை வேலை பாரு எனக்கு.

டீச்சரு கரும்புச் சாலுக்குள்ளயே அடைக்கு உக்காந்துருச்சு. கரும்புல காஞ்ச சோகை உரிக்க ஆளுக வந்தாங்க. "குஞ்சு பொரிக்கற வரைக்கும் இந்தச் சாலுக்குள்ள ஆரும் போகப்படாது"ன்னு அவங்கள அனுப்பிப்போட்டாரு. கரும்புக்காரரு பேசற பேச்சா இது?

பக்கத்து ஊட்டு ருக்குமணி ஒரு நாள் என்னைப் புடிச்சுக்கிட்டா. "என்ன துளசி, கொஞ்ச நாளா அண்ணாவக் காணோமே?"ன்னா. எந்த அண்ணான்னேன். "ஏனுங்ண்ணா, ஏனுங்ண்ணான்னு வரப்புல நின்னு கூப்பிடுவியே, இப்ப வெறும் ஏனுங்கன்னு கூப்பிடறயாமா?"

பாரு கண்ணு, ஊரு வாயி. நம்ம பக்கம் பொண்டாட்டிகதான் புருசன ஏனுங்கன்னு கூப்பிடுவாங்க, தெரியுமில்ல? ஆனா தோட்டத்துக்குத் தோட்டம் கத்தறப்ப நீளமாக் கத்த முடியுமா? சுருக்கிக் கூப்பிட்டேன். அதுவுமில்லாம அவரு பேருலயே ஒரு அண்ணன் இருக்குது, இன்னொண்ணு எதுக்கு? இதத்தான் ருக்குமணிகிட்டயும் சொன்னேன். அவ, "அதுஞ் சேரி"ன்னு சொல்லிப்போட்டு ஒரு சிரிப்பு சிரிச்சா. அந்தச் சிரிப்பு எனக்குப் புடிக்கல.

சித்திரையில வாய்க்கால் தண்ணிய நிறுத்திட்டாங்க. அவரு கெணறும் வத்திப்போச்சு. காஞ்சா கரையானுக்குக் கொண்டாட்டம். தெக்கு மூலையில கரும்பு ஓரமாக் காஞ்சு வருது, தட்டிப் பாத்தா கொடகொடங்குது. பானைக்கு வர்றது வருது, ஆனா கரும்புல ஏறறதும் ஏறுது. ஆலையில இருந்து கரும்பு பாக்கற சாரு பைக்குல வந்தாரு. நல்ல மனுசன். சுத்திப் பாத்துட்டு, "தோட்டம் பூராவும் மருந்து வேண்டாங்க. ஈரம் இருந்தாலே பாதி அடங்கிரும். அந்த மூலைய மட்டும் வேணும்னா மருந்து ஊத்திக் காப்பாத்துங்க"ன்னாரு.

அன்னைக்குப் பொழுதோட பொங்கியண்ணன் மருந்து டப்பாவத் தூக்கிக்கிட்டு என்ற வாசல்ல வந்து நின்னாரு. சத்தமே இல்லாம.

"என்ன?"

"உங்களக் கேக்காம ஊத்தப்படாதுன்னு பேச்சு."

"உங்க கரும்பு. ஊத்துங்க. கோழிகள நான் அடைச்சு வெச்சுக்கறேன்."

நிக்கறாரு. போகல.

"ஊத்துனா நீங்க தோத்தாப்பல ஆயிரும் அம்மிணி. காட்டக் குடுக்கோணும்."

"குடுக்கறேன். அதுக்கென்ன இப்ப?"

"எனக்கு உங்க காடு வேண்டாம்."

"பின்னே என்ன வேணும்?"

கேட்டேன் கண்ணு. நேரா மூஞ்சியப் பாத்துக் கேட்டேன். மனுசன் டப்பாவ இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்துனாரு. மறுபடியும் இந்தக் கைக்கு. அப்பறம், "தண்ணி"ன்னாரு. தண்ணிதானே, கேட்டா என்னன்னு சொல்லி, என்ற கெணத்து மோட்டார அவரு தோட்டத்துப் பக்கம் திருப்பி உட்டுட்டேன். எனக்கு வெச்சிருந்த தீவனச் சோளம் கொஞ்சம் வாடித்தான் போச்சு. போனாப் போகுது. கரும்பு காஞ்சா கரையானுக்கு எங்க போறது, கரையான் இல்லாட்டி என்ற கோழிக எதத் திங்கும்? என்ன சிரிக்கறே? கணக்கு சரியாத்தானே இருக்குது?

தெக்கு மூலைய மட்டும், கோழிகள அடைச்சு வெச்சுக்கிட்டு ஊத்துனோம். நானே கூட நின்னேன். மருந்தே இல்லாமப் பண்ணுனோம்னு பொய் சொல்ல மாட்டேன். முன்னால ஊத்துனதுல ஒரு மூலை. அவ்வளவுதான். அந்த மண்ணு நல்லா அலசிப் போற வரைக்கும் வலை கட்டி வெச்சோம். கரும்பு தலையெடுத்துருச்சு. அந்தப் பச்சையப் பாத்துட்டு நான் வரப்புல நடந்து போனது, நடந்தனா பறந்தனான்னு எனக்கே தெரியல.

ஆடியில ஒரு நாள் வந்து, "அம்மிணி, திருப்பூர் போறேன். பனியன் வாங்கோணும். உங்க பேத்திக்கு முட்டை குடுத்து உடறதுன்னா குடுங்க"ன்னாரு. குடுத்து உட்டேன். போயிட்டு வந்தாரு. பனியன் எங்கேன்னேன். மறந்துட்டேன்னாரு. பனியன் வாங்கறதுக்குன்னே திருப்பூர் போயிப் பனியன மறந்து வர்ற ஆள நீ பாத்திருக்கறயா?

அதுக்கப்பறம் ஆளு ஒரு தினுசா ஆயிட்டாரு. வருவாரு, நிப்பாரு, தொண்டையச் செருமுவாரு, "கலெக்டரம்மாவுக்குக் கண்ணு செவந்தாப்பல இருக்குது"ம்பாரு. அதுக்குக் கண்ணே அப்படித்தான். புது வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு வருவாரு, "வெய்யில் எச்சு"ம்பாரு, போயிருவாரு. வயசாகுது, ஒடம்புக்கு ஏதோ ஆயிருச்சுன்னு எனக்கு வெசனம். கஷாயம் வெச்சுக் குடுத்தேன். மூஞ்சியச் சுளிக்காமக் குடிச்சாரு பாவம்.

ஐப்பசியில மழை பேஞ்சு மண்ணு எளகுச்சு. வேலியோரமா இருந்த பழைய கரையான் மேட்டத் தோண்டிரலாம்னு ரெண்டு பேரும் போனோம். ராணி இருக்கற வரைக்கும் அது பெத்துக்கிட்டேதான் இருக்கும். அவரு கடப்பாரை போட்டாரு, நான் மண்ண இழுத்தேன். உள்ளே போகப் போக அறை அறையா, அரண்மனையாட்ட. அடியில கெட்டியா ஒரு மண்ணு உருண்டை. அத மெதுவா ஒடைச்சாரு. உள்ளே ராணி. என்ற வெரல் தண்டி, வெள்ளையா, மினுமினுன்னு. பக்கத்துல சின்னதா இன்னொண்ணு.

"அது ஆரு?"ன்னேன்.

"ராசா"ன்னாரு. "வேற எங்கயும் போகாதாம். கடைசி வரைக்கும் இதே அறைக்குள்ள, இது பக்கத்துலயே இருந்துக்குமாம். ஆலைச் சாரு சொன்னாரு."

ராணியத் தூக்கி உள்ளங்கையில வெச்சுக்கிட்டு என்ற பக்கம் நீட்டுனாரு. குரலு பாரு, அவரு குரலே இல்ல, காதுல ஓதறாப்பல. "அம்மிணி"ன்னாரு. "எனக்கு ஒண்ணு கேக்கோணும். நெம்ப நாளா. இந்த ராசாவாட்ட நானும்..."

லபக்.

கலெக்டரம்மா! எங்க இருந்து வந்துச்சோ! கையில இருந்த ராணிய ஒரே முழுங்கு. முழுங்கிப்போட்டு மூக்க மண்ணுல தொடைச்சுக்கிட்டு, ராசா எங்கேன்னு பாக்குது!

அய்யோ கண்ணு, நான் சிரிச்ச சிரிப்புல குழிக்குள்ளயே உழுந்துட்டேன். அவருதான் கையப் புடிச்சுத் தூக்கி மேல ஏத்தி உட்டாரு. எந்திரிச்ச பொறகும் கொஞ்ச நேரம் கைய உடல. வழுக்குற மண்ணு, அதனாலதான். மனுசன் மூஞ்சியப் பாத்தா, ஏதோ கையில இருந்த முத்த ஆத்துல உட்டவராட்ட. "போச்சு"ன்னாரு. "ராணிதானே போச்சு, நல்லதுதானே"ன்னேன். "ம்"ன்னு சொல்லிப்போட்டு மண்ண மூட ஆரம்பிச்சுட்டாரு.

தையில கரும்பு வெட்டுனாங்க. தெக்கு மூலை கொஞ்சம் இளைப்புதான், மத்தது நின்ன நெலை இருக்குதே, உள்ளே போன ஆளு தெரியல. லாரியில ஏத்தறப்ப ஆளுகளுக்கெல்லாம் நான் கோழிக்கொழம்பு... இல்ல இல்ல, கோழி இல்ல, தக்காளிச் சோறு ஆக்கிப் போட்டேன். எல்லாம் ஏத்தி முடிச்ச பொறகு ஊரு முன்னாலயே வந்து, "நான் தோத்துட்டேன் அம்மிணி. என்ன வேணும், கேளுங்க"ன்னு கத்துனாரு.

எனக்கு என்ன கேக்கறதுன்னு தெரியல. என்னவோ கேக்கோணும்னு இருக்குது, வாயில வரல. கடைசியில, "அந்த ஊதல நிறுத்துங்க. என்ற கோழிகள எனக்குக் குடுத்துருங்க"ன்னு சொல்லிப்போட்டேன்.

நிறுத்திட்டாரு கண்ணு. சொன்னா சொன்னதுதான் அந்த ஆளுக்கு. அடுத்த நாள்ல இருந்து ஊதல் இல்ல. முட்டை கொண்டாரல. வரப்புப் பக்கமே வர்றதில்ல, கோழிக பாத்துரும்னு சுத்திப் போறாரு. கோழிக வரப்புல வரிசையா நின்னு அக்கட்டப் பாக்குதுக. தீவனம் போட்டா கொத்தறதில்ல. டீச்சரு முட்டையே வெக்கல. கலெக்டரம்மா ஒரு மூலையில முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்துருச்சு. எனக்கும் சோறு எறங்கல. கோழிக திங்காதப்ப நான் எப்படித் திங்கறது? ஒரு வாரம் பாத்தேன். பொறுக்க முடியல. நேத்து வண்டியேறித் திருப்பூர் போயிட்டேன்.

பையன் முன்னால உக்காந்து ஒப்பாரி வெச்சுட்டேன். "நவநீதா, அந்த மனுசன் என்ற கோழிகள மயக்கிப்போட்டாரு. நீ வந்து பஞ்சாயத்துப் பேசு. இல்லீன்னா வலை போட்டுக் குடு. முட்டை கொண்டாந்து குடுத்தவரு இப்ப எட்டிப் பாக்கறதில்ல, காப்பி போட்டா ஒரு டம்ளர் மிஞ்சுது..."

அவன் சிரிக்கறான். மருமக சமையலறையில இருந்து சிரிக்கறா. எனக்குக் கோபம் வந்துருச்சு.

"அம்மா"ன்னான். "ஆடியில அவரு இங்க வந்தாரு தெரியுமா?"

"முட்டை குடுக்க வந்தாரு. நான்தானே குடுத்து உட்டேன்."

"முட்டையக் குடுத்துட்டு, இந்த நாற்காலியில உக்காந்து ரொம்ப நேரம் கரையானப் பத்தியே பேசுனாரும்மா. நான் கம்பெனிக்குப் போகோணும்னு எந்திரிச்சேன். அவரும் எந்திரிச்சுப் படி எறங்குனாரு. ரெண்டாவது மாடிக்குப் போயி, அங்க இருந்து கத்துனாரு, 'தம்பி! உங்கம்மாவ நான் கட்டிக்கட்டுமா?'ன்னு!"

கண்ணு, அந்தத் தொண்டை! அப்பார்ட்மென்ட்டுல அத்தனை கதவும் தொறந்துருச்சாமா! கீழ் ஊட்டு மார்வாடியம்மா வெளியே வந்து, என்ன என்னன்னு கேட்டு, விசயம் தெரிஞ்சதும் கையத் தட்டுச்சாமா!

"நீ என்னடா சொன்னே?"ன்னேன்.

"எனக்குச் சந்தோசம், அம்மாகிட்டக் கேளுங்கன்னு சொன்னேன். இன்னும் கேக்கலையா?"

மருமக வந்து பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சுக்கிட்டா. "ஆடியில இருந்து வாயக் கட்டிக்கிட்டு இருக்கறேன் அத்தை. போன் பண்றப்பெல்லாம் இவரு என் காலை மிதிக்கறாரு"ன்னா.

அப்பத்தான் கண்ணு எனக்கு ஒண்ணொண்ணாத் தெரியுது. வெள்ளச் சட்டை. வெய்யில் எச்சு. கலெக்டரம்மாவோட கண்ணு. டப்பாவக் கை மாத்திக்கிட்டு நின்னது. கையில ராணிய வெச்சுக்கிட்டு... அய்யோ அய்யோ. அந்த மனுசன் கேக்க வந்ததக் கோழி முழுங்கிப்போச்சு! நான் கஷாயம் வெச்சுக் குடுத்திருக்கறேன்!

பாவம், அவருக்குத்தான் இப்படியெல்லாம் இருந்திருக்குது. எனக்கு அப்படியொண்ணும் கெடையாது. கோழிகளப் பாக்கோணுமில்ல? அதுகளுக்கு ரெண்டு தோட்டமும் வேணும், ரெண்டு ஆளும் வேணும். நடுவுல வரப்பு எதுக்குன்னு நெனைச்சேன். அவ்வளவுதான். புது வளையலா? இது மருமக போட்டு உட்டா. பூவும் அவதான் வெச்சு உட்டா. நான் கேக்கல. வேண்டாம்னு சொல்லல, அது வேற.

அதா, பிரிவு வந்துருச்சு! கண்டக்டரே, வேலாமரத்தூரு! அந்தப் பைய எடுத்துக் குடு கண்ணு. ஜாக்கிரதை, உள்ளே பனியன் இருக்குது. அவரு அளவு எனக்கு எப்படித் தெரியும்னா கேக்கறே? பாத்தாத் தெரியாதா?

ஏன் கண்ணு எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க? வண்டி பூராவுமா கேட்டுச்சு? டிரைவருக்குமா? கருமமே, எனக்கும் தொண்டை அவராட்டவே ஆயிருச்சாட்ட இருக்குது!

அங்க பாரு. புளியமரத்துக்குக் கீழ, மொபெட்டப் புடிச்சுக்கிட்டு. அந்த ஒசரமான ஆளு. நான் எந்த வண்டியில வருவேன்னு சொல்லவே இல்ல. எத்தனை வண்டியப் பாத்துட்டு நின்னாரோ, சட்டை பூராவும் புழுதி.

இல்ல கண்ணு, அவரு கேக்கட்டும்னு உட்டா இன்னொரு ஆடி வந்துரும். ஒதுங்குங்க எல்லாரும். படியில இருந்தே சொல்லிப்போடறேன்.

"இங்க பாருங்க! திருப்பூர்ல எல்லாம் கேட்டுட்டு வந்துட்டேன்! எனக்குச் சம்மதம்! நீங்க கேக்க வேண்டியது ஒண்ணுதான் பாக்கி! கேளுங்க!"

அய்யய்யோ, மொபெட்டக் கீழ போட்டுட்டாரு. வாயத் தொறக்கறாரு பாரு கண்ணு. தொறந்துக்கிட்டே இருக்கறாரு, சத்தம் வரல. டிரைவரே, வண்டிய எடுத்துராதீங்க. விசிலடிக்காதீங்க கண்டக்டரே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஒரு நிமிசம். இருங்க, இருங்க எல்லாரும், இப்பக் கேட்டுருவாரு.